முன்கையில் ஏறிய தகடு

நம் வலது முன்கையில் இரண்டு தகடுகளும் பன்னிரண்டு திருகாணிகளும் இருக்கின்றன. மழைநாள் ஒன்றில் இருசக்கர வண்டி சறுக்கியதன் விளைவு. அது நேர்ந்து இரண்டாண்டுகள் நிறைந்துவிட்டன. எலும்பு கூடிவிட்டது; கரும்பலகையில் எழுதுகிறோம்; விடைத்தாள் கட்டைத் தூக்குகிறோம். ஆயினும் வீட்டுக்கு வரும் உறவினர் ஒவ்வொருவரும் ஒரே கேள்வியைக் கேட்கின்றனர்: "பிளேட்டை எப்ப எடுக்கப் போறீங்க?" தாய்மாமா கேள்வியோடு நிற்பதில்லை. "இரும்பு உடம்புக்குள்ள கெடக்கலாமாய்யா? எடுத்துப் போட்டுரு" என்று தீர்ப்பே சொல்லிவிட்டார். அறுவை செய்த மருத்துவரோ, "தொந்தரவு இல்லேன்னா அது பாட்டுக்கு இருக்கட்டும் சார்" என்றார். ஏன் என்று கேட்டோம். வெளியே நாற்பது பேர் காத்திருந்தனர். "எடுக்கறதுலயும் ரிஸ்க் இருக்கு சார்" என்பதோடு அடுத்தவரை அழைத்துவிட்டார்.

இலக்கியம் கற்பிப்போருக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. நேரில் விடை கிடைக்காத கேள்வியை நூலகத்துக்குத் தூக்கிக்கொண்டு போய்விடுவோம். மருத்துவக் கல்லூரியில் பணிபுரியும் பழைய மாணவர் ஒருவரின் உதவியால் எலும்பியல் இதழ்களின் பழைய தொகுதிகள் பார்க்கக் கிடைத்தன. சில மாதங்கள் அவற்றோடு கழிந்தன. கலைச்சொற்கள் முதலில் மிரட்டின. ஆனால் உரையாசிரியர்களோடு மல்லுக்கட்டிப் பழகியவர்களுக்கு எந்த உரைநடையின் இறுக்கமும் நெடுநாள் அச்சம் தராது. தகட்டின் வரலாற்றைத் தேடிப் போன நமக்கு, 'குணமாயிற்று' என்னும் சொல்லின் பொருள் தலைமுறைதோறும் மாறிவந்த வரலாறும் சேர்ந்தே கிடைத்தது. அதையே இங்கே பகிர்ந்துகொள்கிறோம். நாம் மருத்துவர் அல்லோம். இது வைத்திய ஆலோசனையும் அன்று.

முன்கையில் எலும்புகள் இரண்டு. சுண்டுவிரல் பக்கம் இருப்பது அரந்தி எலும்பு. மருத்துவர்கள் அல்னா என்பர். கட்டைவிரல் பக்கம் இருப்பது ஆரை எலும்பு, அதாவது ரேடியஸ். அரந்தி பெரும்பாலும் நேரானது. ஆரை எலும்போ வில்லைப் போல் மெல்ல வளைந்தது. உள்ளங்கையை மேல்நோக்கி வைத்திருக்கும்போது இரண்டும் அருகருகே கிடக்கின்றன; கையைக் கவிழ்க்கும்போது ஆரை எலும்பு அரந்தியின் மீது குறுக்கே புரண்டு விழுகிறது. பேருந்து நடத்துநரிடம் சில்லறை வாங்க உள்ளங்கை மலர வேண்டும். அதே காசைக் கோயில் உண்டியலில் இட உள்ளங்கை கவிழ வேண்டும். ஏற்கும் கை தாழ்ந்திருப்பதையும் ஈயும் கை உயர்ந்திருப்பதையும் நம் பழம்புலவர்கள் பலபடப் பேசியிருக்கிறார்கள். அந்த இரு நிலைகளுக்கும் இடையே கையைத் திருப்பித் தருவது இந்த வில்லெலும்பின் வளைவுதான்.

இங்கேதான் சிக்கல் தொடங்குகிறது. முன்கை முறிந்தால் துண்டுகள் இருந்த இடத்தில் இருப்பதில்லை. மேல்துண்டை ஒரு தசை மலர்த்தி இழுக்கும். கீழ்த்துண்டை வேறொரு தசை கவிழ்த்து இழுக்கும். வெளியே எவ்வளவு இறுக்கமாக மாவுக்கட்டுப் போட்டாலும் உள்ளே இழுபறி ஓய்வதில்லை. தொடையெலும்பு சற்றுக் கோணிக் கூடினாலும் மனிதன் எப்படியோ நடந்துவிடுவான். முன்கை அவ்வளவு பெருந்தன்மையுடையதன்று. வில்லின் வளைவு நிமிர்ந்துபோனால், அல்லது துண்டுகள் முறுக்கிக்கொண்டு கூடினால், எலும்பு கல்லைப்போல் உறுதியாக இருக்கும். கை மட்டும் திரும்பாது. முன்கை முழுவதையும் ஒரு மூட்டாகவே கருத வேண்டும் என்று எலும்பியலார் மாணவருக்குச் சொல்வதன் காரணம் இதுவே.

தகடு வருமுன் உலகெங்கும் கட்டுத்தான். நம் ஊர்ச் சுவர்களில் இன்றும் 'புத்தூர்க் கட்டு' என்ற விளம்பரத்தைக் காணலாம். பச்சிலையும் முட்டை வெண்கருவும் மூங்கில் பத்தையும் கொண்ட அந்த மரபின் நன்மை தீமைகளை இங்கே பேசப் போவதில்லை. ஐரோப்பாவும் அதே நிலையில்தான் இருந்தது என்பதை மட்டும் சொல்லவேண்டும். 1881இல் ஹாலே நகரத்துப் பேராசிரியர் ரிச்சர்ட் ஃபோன் ஃபோல்க்மன், இறுகக் கட்டிய கட்டுக்குள் இரத்த ஓட்டம் தடைப்பட்டு, முன்கைத் தசைகள் செத்துச் சுருங்கி, விரல்கள் பறவையின் நகம்போல் மடங்கிப்போகும் கொடுமையை விளக்கி எழுதினார். அந்த ஊனம் இன்றும் அவர் பெயரால் வழங்குகிறது. இலக்கிய நண்பர்களுக்கு ஓர் இடைச்செருகல்: இதே ஃபோல்க்மன் பிரெஞ்சு–பிரஷ்யப் போர்க்காலத்தில் குழந்தைகளுக்கான கதைகள் எழுதி, ரிச்சர்ட் லேயாண்டர் என்ற புனைபெயரில் 1871இல் நூலாக்கினார். ஜெர்மானியக் குழந்தைகள் தலைமுறை தலைமுறையாக அதைப் படித்தனர். அறுவை மாணவர்கள் அவரது மறுபெயரைப் படித்தனர்.

மூடிய முறிவைக் கத்தியால் திறப்பது அந்நாளில் ஏறக்குறையக் கொலைக்கு நிகர். எலும்பு முறிந்தும் தோல் கிழியாதவன் பிழைப்பான். தோல் கிழிந்தவன் சீழ்பிடித்துச் சாவான் அல்லது கையை இழப்பான். அப்படியிருக்க, கிழியாத தோலை மருத்துவனே கிழிப்பதா? ஜோசஃப் லிஸ்டர் கார்பாலிக் அமிலத்தால் கிருமிகளைத் தடுக்கும் முறையை 1867இல் வெளியிட்ட பின்னரே இக்கேள்விக்கு வேறு விடை சாத்தியமாயிற்று. 1877இல் அவர் முறிந்த முழங்காற்சில்லு ஒன்றைத் திறந்து வெள்ளிக் கம்பியால் பிணைத்தார்.

தகடு பிறந்தது ஒன்பதாண்டுகள் கழித்து. 1886இல் ஹாம்பர்க் நகரத்துக் கார்ல் ஹான்ஸ்மன், நிக்கல் பூசிய எஃகுத் தகட்டை எலும்பின்மேல் வைத்துத் திருகாணிகளால் பிணைத்த இருபது நோயாளிகளின் விவரத்தை வெளியிட்டார். அவர் தகட்டைப் பற்றிப் படித்தபோது நமக்குச் சிறிது சிரிப்பும் பெரிதும் நடுக்கமும் உண்டாயின. தகட்டின் ஒரு முனையை மடித்துத் தோலுக்கு வெளியே நீட்டிவிட்டார். திருகாணிகளின் நீண்ட தண்டுகளும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. சில வாரம் கழித்துக் காயத்தை மீண்டும் திறக்காமலே எல்லாவற்றையும் உருவி எடுத்துவிட வேண்டும் என்பது திட்டம். ஆக, தகட்டை எடுப்பதா விடுவதா என்ற நம் மாமாவின் வழக்கு தகட்டோடே கூடப்பிறந்தது. கண்டுபிடித்தவரே அதை எடுப்பதற்கென்றுதான் வைத்தார்.

1895 இறுதியில் ரோண்ட்கன் எக்ஸ் கதிர்களை அறிவித்தார். இது மருத்துவருக்குக் கிடைத்த கருவி என்றே நாம் பள்ளியில் படித்தோம். எலும்பு வைத்தியரைப் பொறுத்தவரை அது ஒரு சாட்சியும் கூட. அதுவரை கட்டுக்குள் எலும்பு எப்படிக் கூடியது என்று எவரும் கண்டதில்லை. கை வெளித்தோற்றத்தில் நேராக இருந்தால் போதும். இப்போது தம் கைவேலையைத் தாமே பார்க்கவேண்டிய நிலை. நேராக இருப்பதாக நம்பிய எலும்புகள் கோணலும் மாணலுமாகப் படத்தில் தெரிந்தன.

லண்டன் கைஸ் மருத்துவமனையின் வில்லியம் ஆர்பத்நாட் லேன் அந்தக் கோணலைப் பொறுக்காதவர். கூலித் தொழிலாளரின் உடல்களை அறுத்தாய்ந்து, உழைப்பு எலும்புகளை எவ்வாறு உருமாற்றுகிறது என்று இளமையிலேயே எழுதியவர். எலும்பு கூடியும் பழைய வேலையைச் செய்ய முடியாமல் கூலி இழந்த துறைமுகத் தொழிலாளிகள் அவர் கண்ணில் பட்டனர். 'எலும்பு கூடிற்றா' என்பதோடு நில்லாமல் 'ஆள் வேலைக்குத் திரும்பினானா' என்று கேட்டவர் அவர். 1890களில் திருகாணிகளோடு தொடங்கிப் பின்னர் எஃகுத் தகடுகளுக்கு வந்தார். எலும்பு முறிவுகளுக்கான அறுவை முறை பற்றிய அவர் நூல் 1905இல் வெளிவந்தது. கையுறை அணிந்த விரல்கூடக் காயத்துக்குள் படலாகாது என்பது அவர் விதி. நீண்ட பிடியுள்ள கருவிகளாலேயே தகட்டை எடுத்து, கருவிகளாலேயே திருகாணியை முடுக்கினார். அவர் கையில் காயங்கள் சீழ்பிடிக்கவில்லை. அவரைப் பார்த்துத் தகட்டை மட்டும் கற்றுக்கொண்டு, விதியைக் கற்றுக்கொள்ளாதவர் கைகளில் சீழ்பிடித்தது. பழி தகட்டின்மேல் விழுந்தது. லேன் பிற்காலத்தில் மலச்சிக்கலே எல்லா நோய்க்கும் மூலம் என்று நம்பிப் பெருங்குடலையே வெட்டியெடுக்கலானார் என்பதையும் சொல்லாமல் விட முடியவில்லை. அவரைத் தகட்டுக்குத் துணியச் செய்த அதே தன்னம்பிக்கைதான் இதற்கும் துணியச் செய்தது போலும்.

அதே காலத்தில் பெல்ஜிய நாட்டு ஆண்ட்வெர்ப் நகரில் ஆல்பின் லாம்பாட் வாழ்ந்தார். எலும்பிணைப்பைக் குறிக்கும் 'ஆஸ்டியோசிந்தசிஸ்' என்ற சொல் பரவியது அவரால். தகடுகளையும் திருகாணிகளையும் கருவிகளையும் தம் பட்டறையில் தாமே செய்தவர். ஓய்வு நேரத்தில் அதே கைகளால் வயலின்களும் செய்தவர். நம் மனத்துக்கு நெருக்கமானவர் இவரே. மரத்தின் இழையோட்டம் அறிந்த கை எலும்பைத் தொட்டது என்று நினைக்கவே நன்றாக இருக்கிறது.

ஆனால் உலோகம் ஒத்துழைக்கவில்லை. உடலின் உப்புநீரில் அக்காலத்து எஃகு துருவேறியது, தகடு ஒடிந்தது, திருகாணி தளர்ந்தது. 1912இல் பிட்ஸ்பர்க் நகரத்து ஷெர்மன் வனேடியம் கலந்த எஃகால் உறுதியான தகடுகள் செய்தார். அவர் கார்னெகி எஃகு நிறுவனத்தின் மருத்துவர் என்பதால் உலோகம் அறிந்தோர் அருகிலேயே இருந்தனர். 1937இல் டெக்சஸ் மாநிலத்து வெனபிளும் ஸ்டக்கும் வேறொன்றைக் காட்டினர். வெவ்வேறு உலோகங்கள் உடலுக்குள் சேர்ந்திருந்தால் அவற்றிடையே மின்னோட்டம் பிறந்து, சுற்றியுள்ள எலும்பு அரிக்கப்படுகிறது. தகடு ஓர் உலோகமும் திருகாணி வேறோர் உலோகமுமாக இருந்தால் கைக்குள் ஒரு சிறு மின்கலமே அமைந்துவிடுகிறது. இவர்களால் கோபால்ட்–குரோமியக் கலவையும், பின்னர் நல்ல துருவேறா எஃகும் வழக்குக்கு வந்தன. 'இரும்பு உடம்புக்குள் கிடக்கலாமா' என்ற மாமாவின் கேள்வி 1937க்கு முன் மிகச் சரியான கேள்வி என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

இவ்வளவு தொல்லைக்கு மாவுக்கட்டே மேல் என்று பலரும் திரும்பிப் போயினர். அதன் விலை என்ன என்று கணக்குப் பார்த்தவர்கள் அமெரிக்காவில் மெம்ஃபிஸ் நகரத்துக் கேம்பெல் மருத்துவமனையைச் சேர்ந்த நைட், பர்விஸ் என்னும் இருவர். 1949இல் வந்த அவர்கள் கட்டுரை வயதுவந்தோரின் முன்கை முறிவுகளை ஆராய்ந்தது. அறுவையின்றி மாவுக்கட்டால் மட்டும் வைத்தியம் செய்யப்பட்டவற்றுள் 71 விழுக்காடு திருப்தியற்ற முடிவு என்று எழுதினர். ஆரை எலும்பின் கீழ்ப்பகுதி முறிந்து, மணிக்கட்டருகே அரந்தியும் இடம்பெயரும் வகை ஒன்றுண்டு. 1934இல் மிலான் நகரத்து கலியாட்சி விரித்தெழுதியதால் அவர் பெயரால் வழங்குவது. அந்த வகைக்கு மாவுக்கட்டுப் போட்ட 38 பேரில் 35 பேருக்கு முடிவு சரியில்லை என்று 1957இல் ஹியூஸ்டன் எழுதினார். இவற்றைப் படித்தபோது புள்ளிவிவரத்தைவிட அதை வெளியிட்ட துணிவே நம்மைத் தொட்டது. தாமும் தம் ஆசிரியர்களும் பல்லாண்டு செய்துவந்த வைத்தியம் பத்தில் ஏழு பேருக்குத் தோற்றது என்று அச்சில் ஏற்ற மனம் வேண்டும்.

அதே 1949இல் பிரஸ்ஸல்ஸ் நகரில் ராபர்ட் டானிஸ் தம் பெருநூலை வெளியிட்டார். எலும்பு கூடும்போது முறிவைச் சுற்றிப் புதிய எலும்பு உருண்டு திரள்வதை எல்லோரும் நல்ல அறிகுறி என்றே கருதிவந்தனர். முறிந்த முனைகளை ஒன்றோடொன்று அழுத்திப் பிடிக்கும் தகட்டை டானிஸ் செய்தார். அந்தத் திரட்சியே இல்லாமல் முனையும் முனையும் நேரே ஒன்றிப்போவதைக் காட்டினார். இருந்த வடிவத்திலேயே கூடுதல் என்பதுதான் இதில் முக்கியம். ஒரு மயிரிழைக் கோணலையும் பொறுக்காத முன்கைக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

1950இல் சுவிட்சர்லாந்தின் இளம் மருத்துவர் மாரிஸ் முல்லர் பிரஸ்ஸல்ஸ் சென்று டானிஸைக் கண்டார். எட்டாண்டுகள் கழித்து, 1958 நவம்பர் 6 அன்று, பீல் நகரில் அவரும் ஆல்கோவர், வில்லெனெகர், ஷ்னைடர் முதலிய நண்பர்களும் கூடி ஓர் அமைப்பைத் தொடங்கினர். எலும்பிணைப்பு பற்றிய பணிக்குழு என்பது பெயரின் பொருள், 'ஏ.ஓ.' என்ற இரண்டெழுத்தில் இன்று உலகெங்கும் அறியப்படுவது. ராபர்ட் மாத்திஸ் என்னும் பட்டறைக்காரர் அவர்களுக்குக் கருவிகள் செய்து தந்தார். 1960இல் டாவோஸ் மலைநகரில் முதற்பயிற்சி வகுப்பு நடந்தது. அறுவை மருத்துவர்கள் தச்சுப் பட்டறை மாணவர்போல் எலும்புகளில் துளையிட்டுப் பழகினர்.

இந்தக் குழுவின் பெருமை தகட்டில்தான் உள்ளது என்று பலர் எழுதுகின்றனர். நமக்கு அவ்வாறு தோன்றவில்லை. தகட்டைவிட அவர்கள் வைத்த பேரேடுதான் பெரிது. ஒவ்வொரு அறுவையும் படத்தோடு பதியப்பட வேண்டும்; நான்காம் மாதமும் ஓராண்டு நிறைவிலும் நோயாளியை மீண்டும் அழைத்துப் படமெடுத்துப் பதிய வேண்டும்; வெற்றியும் தோல்வியும் ஒரே இடத்தில் சேர வேண்டும் என்று தமக்குத்தாமே விதித்துக்கொண்டனர். லேன் தம் வெற்றிகளைச் சொன்னார். அவரைப் பின்பற்றியோரின் தோல்விகளை எவரும் எண்ணவில்லை. சுவிஸ் குழு எண்ணத் தொடங்கியது. 1969இல் அவர்களது புதிய தகடு வந்தது. துளைகள் நீள்வட்டமாகவும் ஒருபுறம் சரிவாகவும் இருந்தன. திருகாணியை முடுக்கினால் அதன் தலை சரிவில் இறங்க, எலும்புமுனை தானே நகர்ந்து மறுமுனையை அழுத்தும். ஏறத்தாழ இதே எண்ணத்தை அமெரிக்கர் பேக்பி 1958இலேயே வெளியிட்டிருந்தார். ஆனால் பெயரெடுத்தது பின்னது.

பிறகு 1975இல் மெம்ஃபிஸ் மருத்துவமனையே மறுபடி பேசியது. ஆண்டர்சனும் மூன்று துணைவரும் 1960 முதல் 1970 வரை அழுத்தத் தகடு வைத்த 244 நோயாளிகளின் 330 முறிவுகளை ஆராய்ந்தனர். ஆரை எலும்பு கூடியது 97.9 விழுக்காட்டில், அரந்தி 96.3 விழுக்காட்டில். சீழ்பிடித்தது 100க்கு மூவருக்கும் குறைவு. நைட்டும் பர்விஸும் எழுதிய அதே ஊரில், 26 ஆண்டுகளில் இத்தனை மாற்றம். 1989இல் கலிஃபோர்னியாவின் சாப்மனும் குழுவினரும் 87 பேரின் 129 முறிவுகளில் 98 விழுக்காடு கூடியதாக எழுதினர். வயதுவந்தோரின் முன்கையில் இரு எலும்பும் முறிந்து விலகினால் தகடே தக்க வழி என்பது இவற்றால் நிலைபெற்றது. நம் கையில் தகடு ஏறியதும் இந்தக் கணக்கின் பேரில்தான்.

ஆண்டர்சன் குழு முடிவுகளுக்கு மதிப்பெண் போட்ட முறையை இங்கே சொல்லவேண்டும். விடைத்தாள் திருத்துவோருக்குச் சுவையாக இருக்கும். எலும்பு கூடி, முழங்கையும் மணிக்கட்டும் 10 பாகைக்குக் குறைவாகவே இழந்து, கையின் திருப்பும் ஆற்றலில் கால் பங்குக்குக் குறைவாகவே இழந்தால் 'மிக நன்று'. திருப்பும் ஆற்றலில் அரைப்பங்கு வரை இழந்தாலும் 'திருப்தி'. இதை முதலில் படித்தபோது திடுக்கிட்டோம். இயல்பான திருப்பத்தில் ஐந்தில் ஒரு பங்கை இழந்த கை நூற்றுக்கு நூறு வாங்கிவிடுகிறது! 71 விழுக்காடு தோற்ற காலத்திலிருந்து வந்தவர்களுக்கு அது பேரின்பமாகவே இருந்திருக்கும். நோயாளிக்கும் அப்படியா என்பதை இந்த அளவுகோல் கேட்கவில்லை.

எலும்பு கூடுவது ஏறத்தாழ உறுதியான பின்னரே மற்றத் தொல்லைகள் கண்ணுக்குத் தெரிந்தன. முதலாவது நரம்பு. ஆரை எலும்பின் மேற்பகுதியைச் சுற்றிக்கொண்டு, ஒரு தசைக்குள் புகுந்து செல்லும் நரம்பொன்று உண்டு. அது நசுங்கினாலோ அறுந்தாலோ விரல்களை நிமிர்த்த முடியாது. அதைத் தப்பி எலும்பை அடையும் வழியை அயர்லாந்துக்காரர் ஹென்றி 1927இல் வந்த தம் நூலில் விளக்கினார். கையை மலர்த்தி வைத்தால் நரம்பு கத்தியின் பாதையிலிருந்து தானே விலகிக்கொள்ளும் என்பது அதன் சூட்சுமம். ஹென்றியின் நூல்கள் அறுவை உலகில் உரைநடை அழகுக்காகவே இன்றும் பேசப்படுகின்றன. இரண்டாவது ஃபோல்க்மனின் பழைய பூதம். கட்டு இறுக்கினால் மட்டுமன்று, வீங்கிய தசையின்மேல் உட்சவ்வை இறுகத் தைத்தாலும் அது வரும். எனவே மருத்துவர்கள் அச்சவ்வைத் தைக்காமல் தோலை மட்டும் மூடுகின்றனர். வீக்கம் மிகுந்தால் தோலைக்கூடச் சில நாள் திறந்தே விடுவதுண்டு.

மூன்றாவது விசித்திரமானது. இரு எலும்புகளும் ஒரே மட்டத்தில் முறிந்திருந்தாலோ, ஒரே கீறல் வழியாக இரண்டையும் அணுகினாலோ, இடையே எலும்புத் துகள் சிதறினாலோ, தலைக்காயமும் உடன் நேர்ந்தாலோ, அரந்திக்கும் ஆரைக்கும் நடுவே ஒரு பாலம் வளர்ந்துவிடக்கூடும். அளவுக்கு மிஞ்சிக் கூடிவிட்டது என்றே சொல்லலாம். அதன்பின் கை எந்த நிலையில் நின்றதோ அந்த நிலையிலேயே நிற்கும். இது அரிது, ஆனால் வந்தால் கொடிது. நம் முன்கையில் தனித்தனியாக இரண்டு தழும்புகள் இருப்பதன் காரணம் இதைப் படித்தபோதுதான் விளங்கியது. அதுவரை ஒன்று போதாதா என்று மனத்துக்குள் குறைபட்டுக்கொண்டிருந்தோம்.

1992இல் டொரோண்டோ நகரத்து ஷெமிச்சும் ரிச்சர்ட்ஸும் எளிய கேள்வி ஒன்றைக் கேட்டனர். தகடு வைத்து எலும்பு கூடியவர்களிலேயே சிலர் கை நன்றாகத் திரும்புகிறது, சிலர் கை திரும்பவில்லை, ஏன்? 55 பேரின் படங்களில் ஆரை எலும்பின் வில் வளைவை அளந்து மறுகையோடு ஒப்பிட்டனர். வளைவின் அளவும் அது அமைந்த இடமும் பழையபடி மீண்டவர்களுக்கே திருப்பமும் பிடிவலிமையும் நன்றாக மீண்டிருந்தன. நேரான தகட்டை வளைந்த எலும்பின்மேல் வைத்து எலும்பைத் தகட்டுக்கு ஏற்ப நிமிர்த்திவிடும் ஆபத்து உண்டு. தகட்டைத்தான் எலும்புக்கு ஏற்ப வளைக்கவேண்டும். வயலின் செய்த லாம்பாட்டுக்கு இதை எவரும் சொல்லிக்கொடுக்க வேண்டியிருந்திராது. அண்மைக் காலத்தில் திருகாணித் தலையே தகட்டில் மரையோடு பூட்டிக்கொள்ளும் விலையுயர்ந்த தகடுகள் வந்துள்ளன. நல்ல எலும்புள்ளவரின் சாதாரண முன்கை முறிவில் அவை பழைய தகட்டைவிடக் குறிப்பிடத்தக்க மேன்மை காட்டவில்லை என்றே 2011இல் இந்திய எலும்பியல் இதழில் வந்த ஓர் ஒப்பீடு கூறியது.

மாமாவின் வழக்குக்கு வருவோம். தகட்டை எடுத்தால் என்ன? தகட்டின் அடியில் இருக்கும் எலும்பு ஓரளவு நொய்ந்துபோகிறது. தகடு சுமையைத் தாங்கிக்கொள்வதால் எலும்பு சோம்பிவிடுகிறது என்று முதலில் விளக்கினர். தகடு எலும்பை அழுத்தி அதன் மேற்பரப்பு இரத்த ஓட்டத்தைக் கெடுப்பதே காரணம் என்று பின்னர் வாதிட்டனர். எதுவாயினும், தகட்டை எடுத்தபின் அந்த இடமும் திருகாணித் துளைகளும் சில மாதங்கள் வலுவற்றிருக்கும். சிறு அடியிலும் மறுபடி முறியலாம். சாப்மன் குழுவில் 4.5 மில்லிமீட்டர் திருகாணிகளுக்கான பெரிய தகட்டை எடுத்த இருவருக்கு அவ்வாறு முறிந்தது, 3.5 மில்லிமீட்டர் சிறிய தகட்டை எடுத்தவர் எவருக்கும் முறியவில்லை. முன்கைக்குச் சிறிய தகடே உரியது என்ற வழக்கம் அதன்பின் வலுப்பெற்றது. 1990இல் இங்கிலாந்தின் லாங்கமரும் ஆக்ராய்டும் முன்கைத் தகடு எடுத்துக்கொண்ட 55 பேரை ஆராய்ந்தனர். அவர்களுள் 40 விழுக்காட்டினருக்கு ஏதேனும் ஒரு தொல்லை: நரம்புக் காயம், சீழ், அசிங்கமான தழும்பு, மறுமுறிவு. பழைய தழும்பின் இறுக்கத்துக்குள் நரம்பு எங்கே ஒட்டிக் கிடக்கிறது என்று தெரியாமல் மீண்டும் கத்தி வைப்பதன் விளைவு இது. எளிய வேலை என்று கருதி அனுபவம் குறைந்த இளையவர் கையில் அதை ஒப்படைக்கும் வழக்கத்தையும் அவர்கள் கண்டித்தனர். வைக்கும்போது 100க்கு மூவருக்குச் சீழ். எடுக்கும்போது 100க்கு நாற்பது பேருக்குத் தொல்லை. நம் மருத்துவர் ஒரே வாக்கியத்தில் முடித்துவிட்ட செய்தி இதுதான்.

கடைசியாக 2007இல் டொரோண்டோவிலிருந்தே வந்த ட்ரால் குழுவினரின் கட்டுரை. தகடு வைத்த 30 பேரைச் சராசரியாக ஐந்தாண்டுக்கு மேல் கழித்து அழைத்தனர். கையைக் கவிழ்க்கும் வலிமை, மலர்த்தும் வலிமை, பிடிவலிமை ஆகியவற்றைக் கருவியில் அளந்தனர். அவை மறுகையில் ஏறத்தாழ முக்கால் பங்கோ அதற்குக் குறைவாகவோதான் இருந்தன. எக்ஸ்ரே படத்தில் குறை காணமுடியாத கைகளும் இவற்றுள் அடக்கம். இன்னொன்றும் செய்தனர்: நோயாளியையே கேட்டனர். புட்டி மூடியைத் திறக்க முடிகிறதா, சாவியைத் திருப்ப முடிகிறதா, எழுத முடிகிறதா என்று முப்பது கேள்விகள் கொண்ட படிவம் ஒன்று 1996 முதல் வழக்கில் உள்ளது. அதில் அவர்கள் தாமே போட்டுக்கொண்ட மதிப்பெண்ணை, கருவி அளந்த வலிமைக் குறைவைவிட வலியே பெரிதும் தீர்மானித்தது. ஹான்ஸ்மன் காலத்திலிருந்து 121 ஆண்டுகள் கழித்து, 'உனக்கு எப்படி இருக்கிறது?' என்ற கேள்வி கணக்கில் ஏறியது.

அந்தப் படிவத்தை நாமும் நிரப்பிப் பார்த்தோம். எழுதுவதில் தொல்லையில்லை. ஊறுகாய் ஜாடி மூடிக்கு இடக்கையின் உதவி வேண்டும். ஒரு கேள்வியில் தயங்கி நின்றோம். கத்தியால் உணவை வெட்ட முடிகிறதா என்று கேட்கிறது ஆங்கிலப் படிவம். கவிழ்ந்த கையால் சோற்றைப் பிசைந்து, கையை மலர்த்திக் கவளத்தை வாய்க்குக் கொண்டுபோகும் நமக்கு அதைவிடப் பெரிய சோதனை நாள்தோறும் மூன்று வேளை இலையிலேயே நடக்கிறது. விபத்துக்குப் பின் முதல் நான்கு மாதம் கரண்டியால் உண்டோம். ரசஞ்சோற்றைக் கையால் அள்ளி உண்ட முதல் நாள் எந்த எக்ஸ்ரேயும் தராத நிம்மதியைத் தந்தது. ஞாயிற்றுக்கிழமைத் தோசை இன்னும் திருப்பும்போது மடிந்துவிடுகிறது. கல்லின் குற்றம் என்றுதான் வீட்டில் சொல்லி வைத்திருக்கிறோம்.

வலி இல்லை. குளிர்ந்த மார்கழி விடியலில் மட்டும் தகட்டின் மேல்தோல் சற்றுக் கூசுகிறது. எனவே எடுப்பதில்லை என்று முடிவு செய்து, காரணங்களை மாமாவிடம் பொறுமையாக விளக்கினோம்: 55 பேர், 40 விழுக்காடு, நரம்பு, மறுமுறிவு. அவர் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். முடிந்ததும், "சரிய்யா. கடைசியில சாம்பல்ல பன்னெண்டு திருகாணி பொறுக்கணும்னு உன் மகன்கிட்ட இப்பவே சொல்லி வச்சிரு" என்றார். மகன் பக்கத்து அறையிலிருந்து, "தகடு ரெண்டையும் சேர்த்தா பதினாலு தாத்தா" என்று திருத்தினான்.